பக்கத்து மேஜைப் புகை: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பாரிலும் ரெஸ்டாரன்டிலும் புகைபிடிக்கத் தடை போடுவது சரியா, தப்பா? திட்டி எழுதியவர்கள் உண்டு, நன்றி சொல்லி எழுதியவர்களும் உண்டு. பெயர்களை எடுத்துவிட்டேன். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேனே தவிர காரத்தைக் குறைக்கவில்லை.

கேள்வி: பாருக்கு வருகிறவன் உடம்பைத் தேற்றிக்கொள்ளவா வருகிறான்? குடிக்க வருகிறான், கூடவே ஒரு தம் போடுகிறான். அது ஒரு தனியார் இடம். பிடித்தவன் வரட்டும், பிடிக்காதவன் வேறு இடம் பார்க்கட்டும். அரசாங்கத்துக்கு இதில் என்ன வேலை?

பதில்: உங்கள் கணக்கில் ஒரு ஆளை விட்டுவிட்டீர்கள். உங்கள் முன்னால் கிளாஸை வைத்துவிட்டுப் போகிறாரே, அவரை. நீங்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். அவர் தினமும் எட்டு மணி, பத்து மணி நேரம் அதே காற்றில் நிற்கிறார், நாளைக்கும் வருவார், அடுத்த வருடமும் வருவார். ‘பிடிக்காவிட்டால் போ’ என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லலாம், அவர் நிஜமாகவே போய்விடுவார். மாதச் சம்பளத்தை நம்பி நிற்கிறவரிடம் அதைச் சொல்வது வேறு.

கனடாவின் ஒட்டாவா நகரில் ஹெதர் குரோ என்று ஒருவர் இருந்தார். 40 வருடம் உணவகங்களில் பரிமாறும் வேலை, வாழ்நாளில் சிகரெட் பிடித்ததில்லை. 2002-ல் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. வேலையிடத்துப் புகையால் வந்த நோய் என்று, ஒட்டாவா இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தின் தொழிலாளர் காப்பீட்டு வாரியமே ஒப்புக்கொண்டு இழப்பீடு கொடுத்தது. மீதமிருந்த காலத்தை அவர் வீட்டில் கழிக்கவில்லை; நாடு முழுக்கப் போய், தடை வேண்டும் என்று பேசினார். 2006 மே 22 அன்று இறந்துபோனார். அந்த மாகாணம் முழுமைக்குமான தடை மே 31 அன்று அமலுக்கு வந்தது.

அயர்லாந்தும் 2004 மார்ச் 29 அன்று தன் பப்களில் தடை போட்டபோது அதைத் தொழிலாளர் பாதுகாப்பு என்றே முன்வைத்தது. நாடு முழுக்க, பப் உட்பட எல்லா மூடிய வேலையிடங்களிலும் தடை கொண்டுவந்த முதல் நாடு அதுதான். வாடிக்கையாளரின் ஒழுக்கத்தைத் திருத்துகிறோம் என்று ஆரம்பித்திருந்தால் சண்டைதான் மிஞ்சியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

பலன் தெரிய வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. கலிஃபோர்னியாவில் 1998 ஜனவரி முதல் பார்களிலும் தடை வந்தது. அப்போது சான் பிரான்சிஸ்கோவில் 53 பார்டெண்டர்களைத் தடைக்கு முன்பும் பின்பும் பரிசோதித்தார்கள். முன்பு 39 பேருக்கு இருமல், சளி, இளைப்பு மாதிரி ஏதாவது இருந்தது. தடை வந்து ஓரிரு மாதத்திலேயே அவர்களில் 23 பேருக்கு அது இல்லாமல் போனது. அந்த 53 பேரில் தாங்களே சிகரெட் பிடிக்கிறவர்களும் இருந்தார்கள்!

தனியார் இடம் என்கிறீர்கள், சரி. ஆனால் அதே தனியார் இடத்தின் சமையலறை சுத்தமாக இருக்க வேண்டும், தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும்போது யாரும் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை.

கேள்வி: நடுநிலையாகச் சிந்தியுங்கள். புகைப்பவர்களுக்குத் தனிப் பகுதி, நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன், ஏர் பியூரிஃபையர். இரண்டு தரப்பும் சந்தோஷமாக இருக்கலாமே?

பதில்: இந்த யோசனை ரொம்ப நியாயமாகக் காதில் விழும். அப்படி விழ வேண்டும் என்று சிலர் மெனக்கெட்டிருக்கிறார்கள், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் காற்று. சிகரெட் புகையில் இருக்கிற துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழே, அதாவது தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கீழே படியாமல் மணிக்கணக்கில் மிதக்கும். கூடவே வாயுவாக இருக்கிற பென்சீன், ஃபார்மால்டிஹைடு எல்லாம் சாதாரண ஃபில்டரில் நிற்காமல் தாண்டிப் போகும். புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உண்டு, அதில் சுமார் 70 புற்றுநோய் உண்டாக்குபவை. நல்ல ஃபேன் போட்டால் நாற்றம் குறையும், கண் எரிச்சல் குறையும். அதுதான் சிக்கலே, ஏனென்றால் காற்று சரியாகிவிட்டது என்று நாமும் நம்பிவிடுகிறோம். ஒரு ஹாலில் இந்தப் பக்கம் புகைக்கலாம், அந்தப் பக்கம் கூடாது என்று போர்டு வைத்தால் போர்டைப் படிக்கத் தெரிந்தது நமக்கு மட்டும்தான். ஏசி ஒரே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்பும்.

இதைச் சொல்வது டாக்டர்கள் மட்டும் இல்லை. கட்டடங்களின் ஏசி, காற்றோட்டம் இவற்றுக்கு உலகம் பின்பற்றுகிற அளவுகோல்களை வகுக்கும் ஆஷ்ரே என்ற பொறியாளர் சங்கம் அமெரிக்காவில் இருக்கிறது. ஃபேனும் டக்ட்டும் தொழிலாக இருக்கிற ஆட்களின் சங்கம். உட்புறப் புகையால் வரும் உடல்நல ஆபத்தை நீக்க ஒரே வழி உள்ளே புகைப்பதை நிறுத்துவதுதான் என்று 2005-ல் அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் அமெரிக்க அரசின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவரான சர்ஜன் ஜெனரலின் அறிக்கையும் அதையே சொன்னது, பிறர் விட்ட புகையில் ஆபத்தில்லாத அளவு என்று எதுவும் கிடையாது என்பதையும் சேர்த்து.

நான்கு பக்கமும் கண்ணாடிச் சுவர் வைத்த தனி அறை என்றால்? கதவு திறக்கும்போதெல்லாம் புகை வெளியே வரும். அதைவிட, அந்த அறையில் ஆஷ்ட்ரேயைக் காலி செய்வது யார், மேஜையைத் துடைப்பது யார்? முதல் கேள்வியில் வந்த அதே ஆள்தான்.

இப்போது அந்தக் கதை. 1978-ல் அமெரிக்கப் புகையிலை நிறுவனங்களின் சங்கத்துக்காக ரோப்பர் என்ற நிறுவனம் மக்களிடம் கருத்துக்கணிப்பு நடத்தியது. புகைப்பவன் தனக்குச் செய்துகொள்ளும் கேடு அவன் பாடு, ஆனால் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேடு என்று மக்கள் நம்ப ஆரம்பித்தால் அதுதான் இந்தத் தொழிலுக்கே பெரிய ஆபத்து என்று அது எச்சரித்தது. அதன் பிறகுதான் ‘இரு தரப்புக்கும் இடம்’, ‘விட்டுக்கொடுத்துப் போவோம்’ என்கிற பிரசாரங்கள் சூடு பிடித்தன. பிலிப் மோரிஸ் என்ற சிகரெட் நிறுவனம் ஹோட்டல்களுக்கும் பார்களுக்கும் ஸ்டிக்கர், போர்டு, காற்றோட்ட ஆலோசனை எல்லாம் கொடுத்து இந்த ஏற்பாட்டைப் பல நாடுகளில் பரப்பியது. தொண்ணூறுகளில் நடந்த வழக்குகளால் அந்த உள் ஆவணங்கள் வெளியே வந்துவிட்டன, இன்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதனால் உங்கள் யோசனை தீய எண்ணத்தில் வந்தது என்று நான் சொல்லவில்லை, ஆனால் அது எங்கே ஊட்டி வளர்க்கப்பட்டது என்று தெரிந்துகொள்வது நல்லது.

பாதித் தடை போட்ட நாடுகளின் அனுபவமும் இருக்கிறது. ஸ்பெயின் 2006-ல், 100 சதுர மீட்டருக்குக் குறைவான பார் என்றால் முதலாளியே முடிவு செய்யலாம் என்றது. பெரும்பாலான சின்ன பார்கள் புகைக்கு ஆமாம் சொல்லிவிட்டன, சட்டம் பெயருக்கு நின்றது. 2011 ஜனவரியில் முழுத் தடை. நெதர்லாந்தில் பார்களின் புகை அறைகள் சட்டத்துக்கு ஒவ்வாதவை என்று 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இன்னும் பாதியில் நிற்கும் நாடுகளும் உண்டு. இந்திய விதிகள் 30 இருக்கையோ அதற்கு மேலோ உள்ள ரெஸ்டாரன்டில் தனிப் புகை இடத்துக்கு அனுமதி கொடுக்கின்றன, ஜப்பானின் 2020 சட்டம் ஏற்கெனவே இயங்கிய சின்னக் கடைகளை விட்டுவைத்திருக்கிறது. சின்னக் கடையில் காற்று இன்னும் குறைவு, இடம் இன்னும் நெருக்கம். அங்கே விலக்கு கொடுப்பது எனக்குத் தலைகீழாகத்தான் படுகிறது.

கேள்வி: பார் நடத்துகிறவன் நான். தடை வந்தால் கல்லா காலி. நீங்களா வந்து வாடகை கட்டுவீர்கள்?

பதில்: கட்டமாட்டேன். ஆனால் உங்கள் பயத்தைச் சோதித்துப் பார்க்க ஆதாரம் இருக்கிறது. இந்த விஷயத்தில் வந்த 97 ஆய்வுகளை 2003-ல் ஒரு குழு மொத்தமாக அலசியது. விற்பனைக் கணக்கு, வரிக் கணக்கு மாதிரி கறாரான எண்களை வைத்து ஒழுங்காகச் செய்த ஆய்வுகளில் நஷ்டம் தென்படவில்லை. ஒன்று மாற்றம் இல்லை, அல்லது கொஞ்சம் லாபம். நஷ்டம் என்று சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் முதலாளிகளிடம் ‘வியாபாரம் குறைந்தது என்று நினைக்கிறீர்களா’ என்று கேட்டு எழுதியவை, பின்னால் புகையிலைத் தொழிலின் பணமும் இருந்தது. நியூயார்க் நகரத்தில் 2003 மார்ச் கடைசியில் தடை வந்தது, ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பார், ரெஸ்டாரன்ட்களிலிருந்து வந்த வரி 8.7 சதவீதம் கூடியிருந்தது. தடையால் கூடியது என்று நான் சொல்ல வரவில்லை, 2001 தாக்குதலுக்குப் பிறகு நகரம் எழுந்துகொண்டிருந்த நேரம் அது. சொன்ன மாதிரி விழவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் சராசரி எல்லோருக்கும் பொருந்தாது, அதையும் சொல்லிவிடுகிறேன். வெளியே நிற்க ஒரு முற்றமோ நடைபாதையோ இல்லாத, நாலு பழைய வாடிக்கையாளர்களை நம்பி ஓடுகிற ஒற்றை அறைக் கடைக்கு அடி விழலாம். ஜெர்மனியில் இதே வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2008-ல் அது சுவாரசியமாகத் தீர்ப்புச் சொன்னது: பெரிய கடைக்குப் புகை அறை அனுமதித்துவிட்டு, அறை கட்ட இடமே இல்லாத சின்னக் கடைக்கு மறுப்பது அநியாயம், ஆனால் யாருக்குமே விலக்கு இல்லாமல் முழுத் தடை போட்டால் அது செல்லும். 2010-ல் பவேரியா மாநில மக்கள் வாக்கெடுப்பு நடத்தி முழுத் தடையையே தேர்ந்தெடுத்தார்கள். பீருக்குப் பேர்போன மாநிலம் அது. உங்கள் கடைக்கும் முழுத் தடைதான் நல்லது என்பேன், ஏனென்றால் பக்கத்துக் கடையிலும் தம் போட முடியாது என்றால் உங்கள் ஆள் எங்கே போகப் போகிறார்?

இங்கிலாந்தில் 2007-ல் தடை வந்த பிறகு எத்தனை பப் மூடின தெரியுமா என்று இன்னொருவரும் கேட்டிருக்கிறார். மூடின, உண்மை. ஆனால் பப்கள் அதற்கு முன்பிருந்தே மூடிக்கொண்டுதான் வந்தன. சூப்பர் மார்க்கெட்டில் மலிவாகப் பாட்டில் கிடைத்தது, 2008-ல் பொருளாதாரமே படுத்தது. எல்லாப் பழியையும் ஒரு சட்டத்தின் தலையில் போட முடியாது.

கேள்வி: தடை போட்டதும் மாரடைப்பு 40 சதவீதம் குறைந்தது என்று ஒரு ஃபார்வர்டு வந்தது. நிஜமா, இல்லை அளக்கிறார்களா?

பதில்: எண் நிஜம், அதை வைத்துச் செய்கிற ஆர்ப்பாட்டம்தான் அதிகம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஹெலினா என்ற சின்ன நகரம். 2002-ல் ஆறு மாதம் தடை அமலில் இருந்தது, பிறகு நீதிமன்ற உத்தரவால் நின்றது. அந்த ஆறு மாதத்தில் மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் வழக்கமான 40-லிருந்து 24 ஆகக் குறைந்தார்கள். 16 பேர் வித்தியாசம். சின்ன ஊரில் இவ்வளவு சின்ன எண்ணை வைத்து உலகத்துக்கே கணக்குப் போடக்கூடாது.

பெரிய இடங்களில் பார்த்தபோது விளைவு சிறியதாகத் தெரிந்தது, ஆனால் மறையவில்லை. ஸ்காட்லாந்தில் 2006-ல் தடை வந்த பிறகு ஒன்பது ஆஸ்பத்திரிகளில் தீவிர இதயக் கோளாறுடன் வந்தவர்கள் 17 சதவீதம் குறைந்தார்கள். அதே காலத்தில், இன்னும் தடை வராத இங்கிலாந்தில் குறைந்தது 4 சதவீதம். ஸ்காட்லாந்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு புகைபிடிக்காதவர்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. பிறகு இங்கிலாந்தில் தடை வந்தபோது கணக்கிட்டது 2.4 சதவீதம் மட்டும். சின்னதாகப் படும், ஆனால் முதல் வருடத்தில் சுமார் 1,200 பேர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தப்பினார்கள் என்று அர்த்தம்.

சில மாதத்திலேயே எப்படி என்று சந்தேகம் வரும். புற்றுநோய்க்கு வருடங்கள் ஆகும், இதயத்துக்கு ஆகாது. பிறர் புகையைச் சுவாசித்த அரை மணி நேரத்திலேயே ரத்தக்குழாய் விரியும் திறன் குறைகிறது, ரத்தத்தை உறையவைக்கும் ரத்தத்தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தயாராகின்றன. ஏற்கெனவே அடைப்பு இருக்கிற ஒருவருக்கு அந்த ஒரு மாலை போதும்.

ஆக, அடுத்த தடவை அந்த ஃபார்வர்டு வந்தால் 40-ஐ அழித்துவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: நான் 20 வருடமாகப் புகைப்பவன். மழையில் கதவுக்கு வெளியே குற்றவாளி மாதிரி நிற்க வைக்கிறீர்கள். எங்கள் மீது இவ்வளவு வெறுப்பு ஏன்?

பதில்: வெறுப்பு இல்லை ஐயா. நிகோடின் எவ்வளவு இறுகப் பிடிக்கும் என்று தெரியும், பெரும்பாலானவர்கள் விவரம் புரியாத வயதில் ஆரம்பித்ததும் தெரியும். வெளியே நிற்க ஒரு கூரை போட்டுக் கொடுப்பது கடைக்காரரின் மரியாதை, அதை நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். உள்ளே மட்டும் கேட்காதீர்கள். ஒரு தகவல்: முழுக்கப் புகையில்லாத வேலையிடங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தொடர்ந்து புகைப்பவர்களும் நாளைக்குச் சராசரியாக மூன்று சிகரெட் குறைத்திருந்தார்கள். எழுந்து போகிற அலுப்பு செய்கிற வேலை!

கேள்வி: பாரில் பிடிக்க முடியாதவர்கள் வீட்டில் போய்ப் பிடிப்பார்கள், குழந்தைகள்தான் மாட்டும். இதை யாராவது யோசித்தீர்களா?

பதில்: நல்ல கேள்வி, எனக்கும் இது நியாயமான பயமாகத்தான் பட்டது. ஸ்காட்லாந்தில் யோசித்தார்கள். தடைக்கு முன்பும் பின்பும் சுமார் 11 வயதுப் பள்ளிப் பிள்ளைகளின் எச்சிலை எடுத்து கோட்டினின் அளவு பார்த்தார்கள். நிகோடின் உடம்புக்குள் போனால் அது கோட்டினினாக மாறும், பொய் சொல்லாது. சராசரி 39 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் அம்மா புகைக்கிற வீடுகளில் குறிப்பிடும்படி குறையவில்லை. அதாவது வீட்டுக்குள் புகை கூடவில்லை, ஏற்கெனவே இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. அங்கே சட்டம் நுழைய முடியாது, நுழையவும் வேண்டாம். பால்கனிக்குப் போங்கள் என்று வீட்டில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: வேப், ஹூக்கா இரண்டும் வெறும் ஆவிதானே? அதற்கும் ஏன் தடை?

பதில்: இரண்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள். வேப் என்கிற மின்சிகரெட்டிலிருந்து வருவது நீராவி இல்லை, நிகோடினும் நுண்துளிகளும் கலந்த காற்று. சிகரெட் புகையைவிட நச்சு குறைவு, அதை மறுக்கவில்லை. ஆனால் மூடிய அறையில் வேறொருவர் சுவாசிக்க வேண்டியது என்று ஆன பிறகு ‘குறைவு’ என்பது போதாது. இன்னொன்று, இருட்டான பாரில் எது வேப், எது சிகரெட் என்று பார்த்துக்கொண்டிருப்பது சர்வருக்குத் தலைவலி.

ஹூக்கா விஷயம் மோசம். தண்ணீர் புகையைக் குளிர்விக்கும், வடிகட்டாது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து இழுத்தால் உள்ளே போகும் புகையின் கொள்ளளவு ஒரு சிகரெட்டைப்போல 100 மடங்குக்கும் மேல் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே சொல்லிவிட்டது. மேலே எரிகிற கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வேறு. ‘மூலிகை’ என்று எழுதியிருந்தாலும் கரி கரிதான்.

கேள்வி: திறந்தவெளி மேஜைகளிலும் தடை வேண்டும் என்கிறார்களே, இது டூ மச் இல்லையா?

பதில்: இங்கே எனக்கும் அரை மனசுதான். திறந்தவெளியில் சிகரெட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிப் போனாலே புகையின் அளவு நன்றாகக் குறைந்துவிடும், அணைத்ததும் சட்டென்று கலைந்துவிடும். உள்ளே மாதிரி தேங்காது. ஆனால் அரை மீட்டரில் உட்கார்ந்திருந்தால் கிட்டத்தட்ட உள்ளே இருந்த மாதிரிதான். மிலான் நகரம் 2025 முதல் மற்றவர்களிடமிருந்து 10 மீட்டர் தள்ளி நின்றால் மட்டுமே வெளியில் பிடிக்கலாம் என்கிறது. ஃப்ரான்ஸ் அதே வருடம் பூங்கா, கடற்கரை, பஸ் ஸ்டாப்பில் எல்லாம் தடை போட்டுவிட்டு ஹோட்டல் வாசல் மேஜைகளை மட்டும் தொடவில்லை. மேலே தார்ப்பாய், மூன்று பக்கம் பிளாஸ்டிக் திரை என்று கட்டிவிட்டு அதையும் ‘திறந்தவெளி’ என்கிற கடைகளைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

கேள்வி: ஆட்சி மாறினால் இந்தச் சட்டமெல்லாம் காற்றில் போய்விடும், பாருங்கள்.

பதில்: ஆஸ்திரியாவைப் பாருங்கள். 2018 மே மாதம் அமலுக்கு வர வேண்டிய முழுத் தடையை, புதிதாக வந்த கூட்டணி அரசு கடைசி நேரத்தில் ரத்து செய்தது. தடை வேண்டும் என்று கிட்டத்தட்ட 9 லட்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். மொத்த ஜனத்தொகையே 90 லட்சத்துக்குள்தான். அப்போதும் அரசு அசையவில்லை. அடுத்த வருடம் வேறு ஊழல் விவகாரத்தில் அந்த அரசு கவிழ்ந்தது, நாடாளுமன்றம் உடனே தடையை நிறைவேற்றியது, 2019 நவம்பர் 1 முதல் அமல்.

கேள்வி: தடை இருக்கிற இடத்திலேயே பக்கத்து மேஜைக்காரர் பற்றவைக்கிறார். நான் பெண், தனியாக வந்திருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: நீங்கள் நேராக அவரிடம் பேச வேண்டிய அவசியமே இல்லை. பெரும்பாலான நாடுகளில் இந்தச் சட்டம் புகைபிடித்தவரோடு நிற்பதில்லை, இடத்தை நடத்துகிறவரையும் பொறுப்பாக்குகிறது. சர்வரைவிட மேனேஜரைக் கூப்பிடுங்கள், ஏனென்றால் சர்வருக்கு அந்த வாடிக்கையாளரைப் பகைத்துக்கொள்ள முடியாது. ‘எனக்கு ஒத்துக்கொள்ளாது’ என்று கெஞ்சாமல், ‘இங்கே தடை இருக்கிறது, நீங்கள் அவரிடம் சொல்லுங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். மேஜையில் ஆஷ்ட்ரே வைத்திருந்தால் அதையும் காட்டுங்கள். இந்திய விதிகளின்படி தடை உள்ள இடத்தில் ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் கொடுப்பதே தவறு, யாரிடம் புகார் செய்வது என்று பெயரோடு போர்டும் வைத்திருக்க வேண்டும். ‘ஒரே ஒரு சிகரெட்தானே மேடம்’ என்று மேனேஜரே இழுத்தால் அந்தப் போர்டு எங்கே என்று கேளுங்கள். போர்டே இல்லை என்றால் அதுவும் உங்கள் புகாரில் சேர்ந்துகொள்ளும். புகாரை வெளியே வந்து நிதானமாக எழுதுங்கள்.